அறையின் காற்றுத் துவாரத்தை அடைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது ஏன்?

காலையில் நோயாளிகளைப் பார்வையிடச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தின் மேல் செய்தித்தாளோ, மருந்துப் பெட்டியின் அட்டையோ பிளாஸ்திரி கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். "ராத்திரி முழுக்கக் காற்று நேரா அப்பா தலையில அடிக்குது டாக்டர்" என்பார் உடனிருப்பவர். அவர் சொல்வது உண்மைதான். அந்தக் குளிர் எங்களுக்கும் தெரியும்.

ஒருமுறை, சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியான ஒருவரின் தனிமை அறையில், சுவரின் அடிப்பகுதியில் இருந்த துவாரத்தில் துண்டு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. கதவோ வாளி ஒன்றை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. மாமனாருக்கு மூச்சு முட்டக் கூடாதே என்ற கவலையில் மருமகள் செய்த ஏற்பாடு அது. வெளியே நடைபாதையில், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்ட ஒரு மூதாட்டி சக்கர நாற்காலியில் ஸ்கேனுக்காகக் காத்திருந்தார். செவிலியர் கண்ணில் உடனே பட்டதால் கதவு மூடப்பட்டது. அந்தப் பெண்மணியை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தத் துவாரம் எதற்காக இருக்கிறது என்பதை அதுவரை அவருக்கு ஒருவரும் விளக்கியிருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது என்பது நிறுவப்பட்டதே ஒரு காற்றுக்குழாயின் உதவியால்தான். 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவரும் வில்லியம் வெல்ஸ் என்ற ஆய்வாளரும் ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். ஆறு காசநோய் அறைகளிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டு சென்று, அங்கே அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 150 கினிப் பன்றிகள் சுவாசிக்கும்படி விட்டனர். நோயாளிகளை அவ்விலங்குகள் கண்டதுமில்லை, தொட்டதுமில்லை. ஆயினும் மாதத்துக்குச் சராசரியாக மூன்று விலங்குகள் வீதம் தொற்றுக்கு ஆளாயின. பின்னர், புறஊதா ஒளி பாய்ச்சிய காற்றை மட்டும் ஒரு தொகுதி விலங்குகளுக்குச் செலுத்தியபோது, அவற்றுள் ஒன்றுக்கும் தொற்று வரவில்லை. குழாய் நோயைச் சுமந்து செல்லவும் கூடும், முறையாக அமைத்தால் நோயை அகற்றவும் கூடும் என்பதை மருத்துவ உலகம் அவ்வாறு கற்றுக்கொண்டது.

இனி, உங்கள் தலைக்கு மேலே ஃபால்ஸ் சீலிங்குக்குள் மறைந்திருப்பது என்ன என்று பார்ப்போம். தொழிலாளர்கள் 'டக்ட்' என்று சொல்லும் காற்றுக்குழாய் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனது. வட்டக் குழாயில் காற்று குறைந்த உராய்வுடன் ஓடும், கசிவும் குறைவு. ஆனால் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே உள்ள இடம் குறுகியது என்பதால் கட்டடங்களில் தட்டையான செவ்வகக் குழாயே அதிகம். கிளைக்குழாயிலிருந்து அறையின் துவாரம் வரையுள்ள கடைசிச் சிறு தூரத்துக்கு மட்டும் வளையும் குழாய் பொருத்துவார்கள். அதன் உட்புறம் மடிப்பு மடிப்பாக இருப்பதால் தூசு தங்கும், காற்றின் வேகமும் குறையும். எனவே அதை நீளமாக ஓடவிடுவது மருத்துவமனைக்கு ஏற்றதன்று.

குழாயின் மேல் சுற்றியுள்ள கறுப்பு உறை குளிரைக் காப்பதற்கும், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகட்டில் படிந்து நீராகாமல் தடுப்பதற்கும் உரியது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அந்த உறை ஓரிடத்தில் கிழிந்தாலும் போதும், சீலிங்கில் மஞ்சள் கறை தோன்றும், சொட்டுச் சொட்டாக நீர் விழும். "மொட்டை மாடி ஒழுகுகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். மழையே இல்லாத மே மாதத்திலும் அது ஒழுகும்! கறையைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஈரமான சீலிங்கில் பூஞ்சை வளரும். அறுவை அரங்குக்குச் செல்லும் குழாய்களின் உட்புறத்தில் பஞ்சு போன்ற பொருள் எதையும் ஒட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

குழாய்களின் தொடக்கத்தில் காற்றைக் குளிர்வித்து வடிகட்டும் இயந்திரம் இருக்கிறது. அங்கே பருமனான தூசும், பின்னர் நுண்தூசும் தடுக்கப்படும். அறுவை அரங்குக்குச் செல்லும் காற்று இறுதியாக ஹெப்பா வடிகட்டியையும் கடக்க வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும். குழாயின் இடையிடையே 'டாம்பர்' எனப்படும் தகட்டுக் கதவுகள் உண்டு. சில எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று பங்கிடுகின்றன. வேறு சில, தீப்பிடித்தால் வெப்பத்தில் உருகும் சிறு இணைப்பு அறுந்து தாமாக மூடிக்கொண்டு, தீயும் புகையும் அடுத்த பகுதிக்குச் செல்லாதபடி காக்கின்றன.

அறுவை அரங்கில் காற்று மேசைக்கு நேர்மேலே கூரையிலிருந்து இறங்கி, நோயாளியைக் கடந்து, சுவரின் அடியில் உள்ள துவாரங்கள் வழியே வெளியேறும். தரைத்தூசு மேலெழுந்து காயத்தில் படியக் கூடாது என்பதே இதன் நோக்கம். மணிக்கு 20 முறையேனும் அறையின் காற்று மாற வேண்டும், அதில் 4 முறைக்குரிய அளவு வெளியிலிருந்து வரும் புதுக்காற்றாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் என்.ஏ.பி.எச். வழிகாட்டுதல். அரங்கின் அழுத்தம் வெளியை விடச் சற்று அதிகமாக வைக்கப்படும். கதவு திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே செல்லும்.

காசநோய், தட்டம்மை, சின்னம்மை போன்ற நோய்களுக்கான தனிமை அறையில் இது தலைகீழ். அங்கே அழுத்தம் குறைவு. காற்று நடைபாதையிலிருந்து உள்ளே வர வேண்டும், உள்ளிருப்பது வெளியே வரலாகாது. அந்த அறையின் காற்று வேறெந்த அறைக்கும் திரும்பாமல், தனிக் குழாய் வழியே கூரைக்கு மேல் சென்று வெளியேறும். இதில் ஒரு நுட்பம் உண்டு. உறிஞ்சும் விசிறியைக் குழாயின் கடைசியில், மொட்டை மாடியில்தான் வைப்பார்கள். அப்போது கட்டடத்துக்குள் செல்லும் குழாய் முழுவதும் உறிஞ்சும் நிலையில் இருக்கும். எங்கேனும் ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுமே ஒழிய, கிருமியுள்ள காற்று கசியாது.

இந்த அழுத்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா? குறைந்த அளவு 2.5 பாஸ்கல் போதும் என்பது நடைமுறை. மேசைமேல் அடுக்கி வைத்த மூன்று வெள்ளைத் தாள்கள் கீழே தரும் அழுத்தம் ஏறத்தாழ அவ்வளவுதான். அத்தனை மெல்லிய அணை அது. கதவைத் திறந்தே வைத்தால் அது நிற்காது. துவாரத்தில் துண்டைத் திணித்தால் உருவாகவே உருவாகாது.

நோயாளி வேறிடம் சென்ற பின்னும் "சற்று நேரம் உள்ளே போகாதீர்கள்" என்று செவிலியர் சொல்வதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், காற்று நன்கு கலந்தால், மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க 23 நிமிடங்கள் ஆகும். 6 முறையே மாறினால் 46 நிமிடங்கள்.

புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருப்போருக்கு அச்சம் மற்றொரு பக்கத்திலிருந்து வருகிறது. பழைய சுவரை இடிக்கும்போது எழும் தூசில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். 2 முதல் 3 மைக்ரான் அளவே உள்ளதால் அவை நுரையீரலின் ஆழம் வரை செல்லும். நலமாக இருப்பவரை ஒன்றும் செய்யாதவை இவர்களின் உயிருக்கே கேடாகலாம். மராமத்துப் பணி நடக்கும் இடத்தை நாங்கள் பிளாஸ்டிக் திரையிட்டு அடைத்து, அங்குள்ள குழாய் வாய்களையும் மூடுவது இதனால்தான். சுற்றி நடக்க நேரிட்டாலும் திரையை விலக்கிக் குறுக்கே செல்ல வேண்டாம்.

பொது வார்டுகளுக்கு மட்டும் எங்கள் அறிவுரை நேர்மாறானது: சன்னல்களைத் திறந்து வையுங்கள். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சன்னல்களும் கதவுகளும் திறந்திருந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை அளவில் மாறியது தெரிந்தது. உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றை விஞ்சின. நம் ஊர்ப் பழைய மருத்துவமனைகளைக் கட்டியவர்கள் காரணத்தோடுதான் கட்டினார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

வீடு திரும்புவோர் மறந்துவிடும் செய்தி ஒன்று. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையிலுள்ள அதே காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. காசநோய்க்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், ஏ.சி.யை நிறுத்தி, சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுக்கொள்வது வீட்டாருக்கு நல்லது.

இங்கே இருக்கும்போது குளிர் தாங்கவில்லையெனில் செவிலியரிடம் சொல்லுங்கள். வெப்பநிலையைக் கூட்டலாம், கட்டிலை நகர்த்தலாம், இன்னொரு கம்பளியும் தரலாம். தனிமை அறையில் இருப்பவர்கள் விரும்பினால் நீங்களே ஒன்று பார்க்கலாம்: கதவை மூடி, வெளியே நின்று, மெல்லிய டிஷ்யூ தாளின் ஒரு துண்டைக் கதவின் அடி இடுக்கருகே பிடியுங்கள். தாள் அறைப்பக்கம் இழுபட வேண்டும். அசையாமல் நின்றாலோ, உங்களை நோக்கி வந்தாலோ, எந்நேரமானாலும் பணியிலுள்ள செவிலியரை அழையுங்கள்.