கரும்பலகையை இறக்கிவிட்டால் கேன்வாஸ்

தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டிப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், ஓவியர்கள் படத்தை நிறுத்தி வரையும் ஸ்டாண்டைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், சினிமாவில்தான் என்பார். ஒன்றாம் வகுப்பில் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது அவருக்கு நினைவு வராது. முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு கால், முன்கால்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளைகள், துளையில் செருகிய இரண்டு மர முளைகள், முளைகளின்மேல் கரும்பலகை. வகுப்பறையிலும் வேப்பமரத்தடியிலும் மாறி மாறி நின்ற அந்தப் பள்ளிக்கூடத்துத் தாங்கிக்கும் ஓவியத் தாங்கிக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. பலகையை இறக்கிவிட்டு கேன்வாஸை ஏற்றினால் வேலை முடிந்தது.

அதைச் செய்த ஆசாரிக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று படம் வரையத் தொடங்கும் பிள்ளையின் வீட்டில் முதலில் பேச்சு எழுவது இந்த ஸ்டாண்டைப் பற்றித்தான். கடையில் நல்ல மரத் தாங்கி ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். மலிவான அலுமினிய ஸ்டாண்டு தாளைத் தாங்கும். தூரிகையைக் கொஞ்சம் அழுத்தினால் ஆடும். அந்தக் காசை வண்ணத்துக்கும் தூரிகைக்கும் போடுவதே சரி. ஸ்டாண்டை ஊர் ஆசாரியோ ரம்பம் பிடிக்கத் தெரிந்த அப்பாவோ செய்துவிடலாம்.

நம் ஓவிய மரபுக்கு இந்தத் தாங்கி பெரிதாகத் தேவைப்படவில்லை. சித்தன்னவாசலில் ஓவியம் குகையின் விதானத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் சுவரில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறவர் பலகையைத் தரையில் வைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். நின்றுகொண்டு எதிரே இருப்பதைப் பார்த்து வரையும் ஐரோப்பியப் பயிற்சியோடுதான் தாங்கி இங்கே பரவியது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. உட்காரும் பெஞ்சும் பலகை சாய்க்கும் முட்டுமாக ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு சாதனத்தை ஓவியக் கல்லூரிகளில் ‘டாங்கி’ என்பார்கள். உலகக் கணக்கில் பார்த்தால் தாங்கி மிகப் பழையது. எகிப்தின் சக்காராவில் சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முந்தைய மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறையில், அவர் தாங்கியின் முன் அமர்ந்து பருவகாலங்களை வரைவதாகவே ஒரு சிற்பம் இருக்கிறது.

படத்தை ஏன் நிமிர்த்தி வைக்க வேண்டும்? தரையில் கிடத்திய பெரிய தாளில் ஆளின் உருவத்தை வரைந்து பார்த்தால் தெரியும். தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதால் சுருங்கித் தெரிகிறது. அந்தச் சுருக்கத்தைக் கை தன்னையறியாமல் ஈடுகட்டுகிறது. வரையும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தாளைத் தூக்கிச் சுவரில் மாட்டியதும் தலை நீண்டு, கால் குட்டையாகி நிற்கும். பார்வைக்கு நேராக நிமிர்ந்த பலகையில் இந்தக் கோளாறு வராது. இன்னொரு வசதி, நாலு எட்டுப் பின்னால் போய் நின்று பார்க்கலாம். மடியில் வைத்து வரைகிறவருக்கு அது முடியாது.

நல்ல தாங்கிக்குக் கால் மூன்றுதான். மூன்று முனைகள் எந்தத் தரையிலும் ஒருசேரப் படியும். நாலாவது கால் வந்தால் சமதளம் வேண்டும். மஞ்சளாறு அணைக்கரையிலோ மாந்தோப்பு வரப்பிலோ நின்று வடக்கே கொடைக்கானல் மலையை வரைய நினைப்பவருக்குச் சமதளம் எங்கே கிடைக்கப் போகிறது?

இனி மரவேலை. 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள ரீப்பர் கட்டை வாங்க வேண்டும். ஐந்தரை அடியில் மூன்று கால்கள், இரண்டரை அடியில் ஒரு குறுக்குச் சட்டம், 2 அடியில் படம் உட்காரும் தட்டு. எல்லாம் சேர்த்து 21 அடி நீளம். கன அடிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால் புது மரமே வாங்கினாலும் சில நூறு ரூபாயில் அடங்கும். பழைய மரக்கடையில் கழித்துப்போட்ட ஜன்னல் சட்டமோ, உடைந்த கட்டிலின் சட்டமோ கிடைத்தால் இன்னும் நல்லது; காய்ந்து முறுகிய மரம் பிறகு கோணாது. மாமரக் கட்டை இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சீக்கிரம் உளுத்துப்போகும், வார்னிஷ் அடிக்காமல் விடக் கூடாது.

முன்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து இறுக்கிக் கட்டி, ஒரே முறையில் துளை போட வேண்டும். கீழிருந்து 2 அடியில் தொடங்கி 4 அடி வரை, மூன்று அங்குலத்துக்கு ஒரு துளை. தனித்தனியாகப் போட்டால் அரை அங்குலமாவது பிசகும். தட்டு சாய்ந்து நிற்கும், வரைந்த அடிவானமும் சாயும். பிறகு கால்களின் மேல்முனைகளை ஒரு சிறு கட்டையில் பொருத்தி, கீழ்முனைகளை 2 அடி அகலத்துக்கு விரிக்க வேண்டும். முதல் துளைக்குச் சற்றுக் கீழே குறுக்குச் சட்டத்தை ஆணி இல்லாமல் போல்ட்டும் விங் நட்டும் போட்டு முடுக்கினால், வேண்டும்போது கையாலேயே கழற்றலாம். மேல்கட்டையின் பின்பக்கம் மூன்று அங்குலக் கீல் ஒன்று. அதில் பின்கால் தொங்கும். குறுக்குச் சட்டத்திலிருந்து பின்காலுக்கு ஒன்றே முக்கால் அடிக் கயிறு. இந்தக் கயிறு இல்லாவிட்டால் பின்கால் வழுக்கிக்கொண்டே போய், படத்தோடு எல்லாம் தரைக்கு வந்துவிடும். துளைகளில் முளை செருகி, முளைமேல் தட்டை வைத்துவிட்டால் ஸ்டாண்டு தயார்.

கயிற்றின் அளவே சாய்வையும் முடிவு செய்கிறது. மேலே சொன்ன அளவில் படம் சுமார் 15 பாகை பின்னால் சாயும். அக்ரிலிக்குக்கு அது போதும். எண்ணெய் வண்ணத்துக்கு இன்னும் நிமிர்த்தினால் ஈரப்பரப்பில் வெளிச்சம் பளபளக்காது, தூசும் குறைவாகவே படியும். நீர்வண்ணக்காரருக்கு இந்த ஸ்டாண்டு அவ்வளவாக உதவாது. அதில் வண்ணம் வழியும்; பலகையைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

கட்டை வேண்டாம் என்றால் மூங்கில் இருக்கிறது. ஏணிக்கும் கொடிக்கம்புக்கும் போகும் கல் மூங்கிலில் மூன்று கம்புகள் எடுத்து, உச்சியில் கயிற்றால் பின்னிக் கட்டி விரித்தால் அதுவே தாங்கி. மூங்கிலில் ஆணி அடித்தால் நெடுக வெடிக்கும். துளையிட்டு முளை செருக வேண்டும், அதுவும் கணுவுக்குப் பக்கத்தில். பச்சை மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடி வண்டு வரும் என்பதால், வெட்டிய கம்பைச் சில வாரம் ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய வழக்கம். மூங்கிலின் பெயரையே தாங்கிய மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் தேவதானப்பட்டியை ஒட்டி மஞ்சளாற்றங்கரையில் இருக்கிறது. அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை, பூசை அடைத்த கதவுக்குத்தான். கோயிலை வரையப் போகிற ஓவியருக்கு மாதிரியாகக் கிடைப்பதும் அந்தக் கதவே.

வெளியில் நின்று வரைபவருக்கு உண்மையான எதிரி காற்று. ஆனி, ஆடியில் தேனி மாவட்டத்தில் காற்று எப்படி அடிக்கும் என்பதற்கு ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளே சாட்சி. இரண்டுக்கு இரண்டரை அடி கேன்வாஸில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் சுமார் 3 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். தாங்கியின் எடை ஐந்து கிலோதான் இருக்கும். தள்ளுவதோ 4 அடி உயரத்தில். விழாமல் என்ன செய்யும்?

ஓவியர் வின்சென்ட் வான்கோவுக்கும் இதே சிக்கல் வந்தது. கையில் காசில்லாத அவர், 1882இல் தி ஹேக் நகரில், காட்சியின் அளவைக் கணிக்கும் மரச் சட்டம் ஒன்றை உள்ளூர்த் தச்சரையும் கொல்லரையும் கொண்டு செய்துகொண்டார். கடற்கரை மணல்மேட்டில் ஊன்றுவதற்கு வசதியாக அதன் கால்களுக்கு இரும்பு முனை வைத்தார்கள். 1888இல் பிரான்சின் தெற்கே ஆர்ல் நகரத்தில் மிஸ்ட்ரல் என்னும் பேய்க்காற்று. தாங்கியின் கால்களை மண்ணில் இறக்கி, பக்கத்தில் அரை மீட்டர் இரும்பு முளைகளை அடித்து, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டிவிட்டு வரைவதாக நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதினார். நம் ஊரில் ஆடு கட்டும் முளைக்குச்சியே அதற்குப் போதும். பாறைத் தரையாக இருந்தால் தாங்கியின் உச்சியிலிருந்து ஒரு பையைத் தொங்கவிட்டு, ஏழெட்டுக் கிலோ கல்லை அள்ளிப் போட வேண்டியதுதான்.

மடக்கினால் நம் ஸ்டாண்டு ஐந்தரை அடிக் கட்டு. இரண்டு சக்கர வண்டியில் பக்கவாட்டில் கட்டலாம், கூட்டமான பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் ஒத்துக்கொள்வது சந்தேகம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒவ்வொரு காலையும் மூன்றேகால் அடியாக இரண்டு துண்டுகளாய்ச் செய்து, ஒரு அடி அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, இரண்டிரண்டு போல்ட் போட்டுக்கொள்ளலாம். கூடுதலாகத் தேவைப்படுவது 3 அடிக் கட்டையும் ஆறு போல்ட்டுகளும்.