அறை வாடகையும் கைப்பணமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டாத தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. காப்பு உண்டு. ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிப்பார்கள். வரம்பின் விளிம்பில் இருப்பவருக்கும் அது 157 ரூபாய் 50 காசுதான். ஊதியம் உயர்ந்து வரம்பைக் கடந்தால் சில மாதங்களில் அந்தக் காப்பு நின்றுவிடும். அதன்பின் தனியார் மருத்துவக் காப்பீட்டை நாடும் குடும்பம், தன் கைப்பணம் எங்கே கரையும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அது பெரும்பாலும் கரைவது அறை வாடகையில். மூன்று இலட்சம் ரூபாய்ப் பாலிசி, நாள் வாடகைக்கு அதில் ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் வரம்பு, கோ-பே, அதாவது ஏற்கப்படும் தொகையில் குடும்பமே கட்ட வேண்டிய பங்கு, பத்து விழுக்காடு என்று கொள்வோம். சேர்க்கைப் பிரிவில் "தனி அறையா, இருவர் அறையா?" என்று கேட்கும்போது, நோயாளியின் வசதி கருதி 6,000 ரூபாய் அறையை எடுக்கிறார்கள். நான்கு நாள் வாடகை 24,000. மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் 1,20,000. மருந்தும் பரிசோதனையும் 50,000. டயப்பர், கிரேப் பேண்டேஜ் போன்ற ஏற்கப்படாத பொருள்கள் 6,000. மொத்தம் இரண்டு இலட்சம்.

தகுதிக்கு இருமடங்கான அறை என்பதால் வாடகையில் பாதியே ஏற்கப்படும். அத்தோடு நில்லாமல், மருத்துவர், அரங்கு, செவிலியர் கட்டணமும் பாதியாகும். இதுவே விகிதக் கழிவு. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இக்கழிவு இல்லை. ஆக, ஏற்கப்படுவது 1,22,000. அதில் கோ-பே 12,200 போக நிறுவனம் தருவது 1,09,800. குடும்பம் கட்டுவது 90,200 ரூபாய். பிற கட்டணங்கள் மாறாமல் 3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் 24,200 போதும். வாடகையில் கூடியது 12,000; கைப்பணத்தில் கூடியதோ 66,000! பாலிசி விற்கும்போது இக்கணக்கை விளக்காதிருப்பது பெரும் குறை.

இக்கழிவுக்குக் காரணம் உண்டு. பல தனியார் மருத்துவமனைகளில் அறையின் தரத்துக்கேற்ப மருத்துவர் கட்டணமும் ஏறும். அவ்வேற்றத்தை நிறுவனம் ஏற்க மறுக்கிறது. ஆனால் எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் விகிதக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2020-இல் நெறி வகுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இக்கழிவு பொருந்தாது. பில்லில் கழித்திருந்தால், எந்த அடிப்படையில் கழித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பாலிசி எடுக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. முன்பே உள்ள நோய்க்குக் காப்புத் தொடங்கும்வரையான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது என்பது 2024 முதல் விதி. நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ மறைத்துப் பாலிசி எடுப்பதைவிட அதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே காப்பு.

எழுத்தில் தந்த புகாருக்கு நிறுவனம் ஒரு மாதத்துக்குள் தக்க விடை தராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.