ஆய்வு நூல்களுக்குப் பின்னால் ஒரு நிலக்காட்சி ஓவியர்

புதுதில்லி: தஞ்சாவூர் ஓவியத்தை ஆராய முற்படுவோர் தவறாமல் புரட்டும் ஆங்கில நூல்களுள் ஒன்று, மராட்டியர் காலத் தஞ்சை ஓவியம் குறித்து 1980-ல் தில்லியில் வெளியான நூல். அதை எழுதியவர் சென்னையில் பிறந்த ஜெயா அப்பாசாமி (1918-1984). கலை வரலாற்றாசிரியராக அறியப்பட்ட அவர், நிலக்காட்சிகளைத் தீட்டிய ஓவியருமாவார். இரண்டாவது அடையாளம் முதலாவதன் நிழலில் மறைந்துபோனது.

சாந்திநிகேதனில் பயின்ற அவர், 1947-ல் இந்திய அரசின் உதவித்தொகை பெற்றுச் சீனா சென்ற மாணவர் குழுவில் இடம்பெற்றார். அப்போது அங்கு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

ஓவியம் கற்க அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் உண்டு. நிலக்காட்சி ஓவியத்தைச் சீனர் 'மலையும் நீரும்' என்றே அழைக்கின்றனர். முதலும் கருவும் உரியுமாய் நிலத்தைப் பகுத்த தமிழருக்கு இது அந்நியமான சிந்தனையன்று. அங்கு பல நூற்றாண்டுகளாக நிலக்காட்சியைத் தீட்டியவர்களில் பலர் தொழில்முறை ஓவியர் அல்லர். தேர்வெழுதி அரசுப் பணியில் அமர்ந்த அறிஞர்கள். ஏடு எழுதிய தூரிகையே மலையையும் வரைந்தது. புலமையும் ஓவியமும் இரு வேறு தொழில்களாகக் கருதப்படவில்லை.

இந்தியாவில் நிலை வேறு. தில்லியில் 1949-ல் தோன்றிய சில்பி சக்ரா அமைப்பின் முன்னோடிகளில் பிரிவினையால் லாகூரை விட்டு வந்தவர்களும் இருந்தனர். மனிதத் துயரே அன்றைய கலைஞரை அழைத்த பொருள். நிலக்காட்சியோ, காலனி ஆட்சிக்காலக் கலைப்பள்ளிகளின் நீர்வண்ணப் பயிற்சியை நினைவூட்டியது. மலையையும் மரத்தையும் வரைவது நாட்டு நடப்பிலிருந்து ஒதுங்குவது என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அது அவசரத் தீர்ப்பே.

ஓவியம் விற்று வாழ்வது அரிதாக இருந்த அக்காலத்தில், ஆசிரியப் பணியே பலருக்குக் கைகொடுத்தது. தில்லி கலைக் கல்லூரியில் கற்பித்த ஜெயா, லலித் கலா அகாதெமியின் சமகாலக் கலை இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். அவனீந்திரநாத் தாகூர் பற்றிய அவரது நூலை 1968-ல் அகாதெமி வெளியிட்டது. மாத ஊதியம், சந்தை கேட்பதை வரைய வேண்டிய கட்டாயத்திலிருந்து அவரை விடுவித்தது. எனினும் அதற்கு ஈடாக, தூரிகைக்குரிய நேரத்தை வகுப்பறையும் அச்சுப்படியும் எடுத்துக்கொண்டன. பிறர் ஓவியங்களை மதிப்பிடும் இதழாசிரியர், தமது ஓவியங்களுக்காக வாதாடவும் இயலாது.

தஞ்சை ஓவியங்களையும் கண்ணாடி ஓவியங்களையும் பிற்காலக் கைவினை என்று அறிஞர் பலர் ஒதுக்கியிருந்த நிலையில், இரண்டுக்கும் தனித்தனி நூல் எழுதியவர் அவர். அவர் திரட்டிய மரபுக் கலைப் பொருள்கள், அவரே நிறுவிய ரசஜா அறக்கட்டளையைச் சேர்ந்தன. தமது நிலக்காட்சிகளைப் பற்றி அவர் நூல் எதுவும் எழுதவில்லை.