கிறிஸ்துமஸ் வான்கோழிக்குத் தீவனத்தில் கவனம்

டிசம்பர் விருந்துக்கு வான்கோழி விற்க விரும்புவோர் ஆனிக் கடைசியிலேயே முட்டையை அடை வைக்க வேண்டும். 28 நாளில் குஞ்சு பொரிக்கும். ஆடிக் குஞ்சு கிறிஸ்துமஸுக்குள் 20 வாரம் வளர்ந்துவிடும்.

நிலக்கடலை விளையும் விருத்தாசலம் வட்டாரத்தில் கடலைப் புண்ணாக்கு எளிதில் கிடைக்கும் தீவனம். ஆனால், 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடியக் காரணமாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான். அதில் வளர்ந்த பூசணம் 'அஃப்ளாடாக்சின்' என்னும் நஞ்சை உண்டாக்கியிருந்தது. இது கல்லீரலைக் கெடுக்கும். கோழி தாங்கும் அளவைக்கூட வான்கோழி தாங்காது. புண்ணாக்கை வேகவைத்தாலும் நஞ்சு முழுவதும் போகாது. எனவே பூசண வாடை வீசும் புண்ணாக்கை மலிவு என்று வாங்குவது வீண் சிக்கனம். பறவை எடை கூடும் ஐப்பசி, கார்த்திகைதான் இங்கு அடைமழைக் காலமும். மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரை ஒட்டாமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். அதிக இருப்பும் வேண்டாம்.

அறுப்பதற்கு முதல் நாள் இரவே தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுக்க வேண்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. கால் வேகுமுன் அது வறண்டுவிடும். இரண்டையும் தனித்தனியே சமைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லி அனுப்பலாம்.