மஞ்சள் பெட்டி எண் 1001

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கசாய் நிலையம். சுரங்க ரயில் நிறுவனத்தின் நிலையம்தான். ஆனால் இந்தப் பகுதியில் ரயில் தரைக்கு மேலே, தூண்கள் மீது ஓடுகிறது. அந்த மேம்பாலத்துக்கு அடியில் 1986-ல் சுரங்க ரயிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தலைக்கு மேலே இன்றைய ரயில்கள் தடதடத்துப் போக, கீழே பழைய உவேனோ நிலையத்தைப் போல அமைத்த நடைமேடையில் ஒரு மஞ்சள் பெட்டி அசையாமல் நிற்கிறது. அதன் எண் 1001.

1927 டிசம்பர் 30 அன்று ஆசகுசாவிலிருந்து உவேனோ வரை 2.2 கிலோமீட்டர் தூரத்துக்கு ஜப்பானின் முதல் சுரங்க ரயில் ஓடியது. இன்றைய கின்சா பாதையின் தொடக்கம் அதுதான். ஐந்து நிமிஷப் பயணத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கால் கடுக்க நின்றார்கள் ஜனங்கள். பத்து சென் நாணயத்தைப் போட்டால் வழிவிடும் சுழல் கதவே அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

பாக்கெட்டில் பயறு

இத்தனைக்கும் பின்னால் இருந்தவர் நோரிட்சுகு ஹயகாவா. 1914-ல் லண்டனுக்குப் போனவர், அங்கே பூமிக்கு அடியில் ரயில் ஓடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் டோக்கியோவுக்கும் இது வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். நம் மண் இளகல், தோண்டினால் தண்ணீர் கொட்டும் என்று கையை விரித்தார்கள். விடவில்லை மனிதர். தெருவில் நின்று போவோர் வருவோரையும் வண்டிகளையும் தானே எண்ணினார். கணக்குத் தப்பாமல் இருக்க, கறுப்பும் வெள்ளையுமாகப் பயறுகளை வைத்துக்கொண்டு ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டே இருப்பாராம்.

1920-ல் அவருடைய சுரங்க ரயில் நிறுவனம் பிறந்தது. 1923-ல் பூகம்பம் நகரையே புரட்டிப் போட்டது. முதலீட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததால், இருக்கிற பணத்துக்கு எட்டிய தூரத்தை மட்டும் முதலில் தோண்டினார்கள்.

பயத்துக்குப் பதில்

1001-ஐ வெறும் பழைய வண்டியாகப் பார்த்தால் கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். பாதாளத்துக்குள் போகத் தயங்கிய பயணியின் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதன் ஒவ்வொரு பாகமும் ஒரு பதில்.

உள்ளே தீப்பிடித்தால்? 1903-ல் பாரிஸ் சுரங்க ரயிலில் மரப்பெட்டிகள் எரிந்து, புகையில் சிக்கி 84 பேர் இறந்திருந்தார்கள். 1001-ன் உடம்பு முழுக்க எஃகு. உட்புறச் சுவரில் மரம் போலத் தெரிவதும் எஃகின் மேல் மர வரி போட்ட பூச்சுதான்.

ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் விட்டால்? தண்டவாளத்தின் ஓரமாக ஒரு இரும்புக் கை நிமிர்ந்து நிற்கும். மீறிப் போகிற ரயிலின் அடியில் இருக்கும் வால்வை அது தட்டிவிட, பிரேக் தானாக விழுந்துவிடும். எளிமையான இந்த ஏற்பாடு கின்சா பாதையில் 1993 வரை இருந்தது.

இருட்டாக இருக்குமே? பல்பு கண்ணில் குத்தாமல், வெளிச்சம் கூரையில் பட்டுப் பரவும்படி செய்தார்கள். வெளியே பளிச்சென்ற மஞ்சள். பெர்லின் சுரங்க ரயிலைப் பார்த்து எடுத்த நிறம். நிற்பவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இழுத்தால் கைக்கு வரும், விட்டால் வில் விசையில் ஜன்னல் பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும்.

1968 வரை உழைத்த பெட்டி இது. 2017-ல் ஜப்பான் அரசு இதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. சுரங்க ரயில் பெட்டி ஒன்றுக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை.

கடல் கடந்து போனவை

1001-க்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பெட்டியும் நிற்கிறது. எண் 301. 1954-ல் திறந்த மருனோச்சி பாதையின் முதல் பெட்டி. சிவப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, பட்டைமேல் அலை அலையாக வளையும் எவர்சில்வர் கோடு.

இதன் தம்பிகளின் கதை வேறு. அதே பாதையில் ஓடிய 500 வகை உள்ளிட்ட பழைய பெட்டிகள் ஓய்வு பெற்றபோது, 1990-களில் 131 பெட்டிகளை அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரம் வாங்கிக்கொண்டது. அங்கே ‘பி’ பாதையிலும் அதே தண்டவாள அகலம், அதே போல் பக்கத்து மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம். பெட்டிகளுக்குள் ஜப்பானிய எழுத்துகள் பல அப்படியே இருக்க, ஸ்பானிஷ் பேசும் ஜனங்கள் அவற்றில் ஏறி இறங்கினார்கள்.

2016-ல் அவற்றில் நான்கை டோக்கியோவின் சுரங்க ரயில் நிறுவனமான டோக்கியோ மெட்ரோ திரும்ப வரவழைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதற்காக அல்ல. பிரித்து, துரு நீக்கி, மறுபடி ஓட வைக்கும் வேலையில் இளம் தொழில்நுட்பப் பணியாளர்கள் பழைய வித்தையைக் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வரைபடத்தைப் பத்திரப்படுத்திவிடலாம், அதை வாசிக்கத் தெரிந்த கை ஓய்வு பெற்றுவிட்டால் என்ன செய்வது? பெட்டியைக் காப்பது என்றால் அந்தக் கையையும் சேர்த்துக் காப்பதுதான்.

ஒரு நொடி இருட்டு

2012-ல் கின்சா பாதைக்கு வந்த புதிய ரயிலுக்கு மறுபடியும் மஞ்சள் நிறம். வகைப் பெயரும் அதே 1000. அதில் இரண்டு ரயில்களை மட்டும் இன்னும் பழைய சாயலில் செய்தார்கள்: மர வரிச் சுவர், பச்சை இருக்கை, சுவரில் ஒரு சின்னத் துணை விளக்கு.

அந்த விளக்குக்கு ஒரு காரணம் உண்டு. பழைய கின்சா ரயில்கள் நிலையத்தை நெருங்கும்போது, மூன்றாம் தண்டவாளம் விட்டுப்போகிற இடத்தில் பெட்டி ஒரு நொடி இருண்டுவிடும். அப்போது சுவர் விளக்கு மட்டும் எரியும். அன்று அது குறை, பயணிகள் பொறுத்துக்கொண்டார்கள். இன்றைய ரயிலில் மின்சாரம் விட்டுப்போவதில்லை. ஆனாலும் சிறப்பு நிகழ்ச்சிகளின்போது விளக்கை வேண்டுமென்றே அணைத்துக் காட்டுகிறார்கள், அந்த ஒரு நொடிக்காகவே டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு.