தவறை ஒப்புவது தாழ்வல்ல



பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு மரத்தின் காயத்தைப் பற்றி நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உளி அளவுக்கு மீறி ஆழமாக இறங்கினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளரும் படலம் அறுபட்டுப் போகும். பிறகு அந்த இடத்தில் புதுப்பட்டை சமமாக வளராது. முண்டும் முடிச்சுமாக எழும். மண்டோரின் கண்ணில் படாமல் இருக்கக் காயத்தின்மேல் மண்ணைப் பூசி மறைத்தவர்களும் உண்டு. மண்டோர் ஏமாறலாம். மரம் ஏமாறாது. சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தில் மறுபடியும் வெட்ட வரும்போது அந்த முடிச்சு உளியைத் தடுக்கும்.

மனிதர்கள் செய்யும் தவறும் இப்படிப்பட்டதுதான். அதை மறைத்தால் என்ன ஆகும், பலர் அறிய ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இன்று சிந்திப்போம்.

தஞ்சோங் மாலிம் வட்டாரத்து இளைஞர்களுக்குக் கார் என்றால் உயிர். 1985ஆம் ஆண்டு ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. பின்னர் புரோட்டோனின் பெரிய தொழிற்சாலை நம் ஊரிலேயே இயங்கத் தொடங்கியது. தாத்தா மிதிவண்டியில் பால் வாளி சுமந்தார். பேரன் பழைய சாகா ஒன்றை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப் பிரியர்கள் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கூடி, இயந்திரத்தைப் பற்றியும் டயரைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனும் இருந்தான். அவன் வண்டி பழுது பார்த்து வந்த சில நாளிலேயே சூடேறி நடுவழியில் நின்றுவிட்டது. மறு ஞாயிறு கடையில் பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில், "அந்தப் பட்டறைக்காரர் பழைய சாமானைப் போட்டுப் புதுசுக்குக் காசு வாங்கிட்டார்" என்று அடித்துச் சொன்னான். கேட்டவர்கள் நம்பினார்கள். சிலர் அந்தப் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்து உண்மை தெரிந்தது. பட்டறைக்காரர் செய்த வேலையில் குறை இல்லை. பையன் அழகுக்காக ரேடியேட்டர் மூடியைத் தானே மாற்றியிருந்தான். அந்த மூடி வெறும் மூடியன்று. உள்ளே இருக்கும் நீரை அழுத்தத்தில் வைப்பது அது. அழுத்தம் இருந்தால்தான் நீர் எளிதில் கொதிக்காது. பொருந்தாத மூடி அழுத்தத்தை விட்டுவிட, நீர் கொதித்து வெளியேறி, இயந்திரம் சூடாகியிருக்கிறது.

பையன் இரவோடு இரவாகப் பட்டறைக்குப் போய்த் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வர நினைத்தான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவன் தாயார் விடவில்லை. "பழி சொன்னது பத்துப் பேர் முன்னால. மன்னிப்பு மட்டும் இருட்டுலயா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு பட்டறைக்காரரை அதே கடைக்கு அழைத்து வந்தான். எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று, "அண்ணே, வண்டி சூடானது உங்க வேலையால இல்ல. நான் மாத்தின மூடிதான் காரணம். விசாரிக்காம உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றான். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, உக்காரு, தண்ணி குடி" என்றார். போன வாடிக்கையாளர் எல்லாரும் திரும்பிவிடவில்லை. ஆனால் பையன் தன் நண்பர்களின் வண்டிகளைத் தானே அங்கே கொண்டுபோய் விடலானான்.

நேயர்களே, அவன் பேசியதைக் கவனியுங்கள். செய்த தவறு இன்னது என்று பெயர் சொல்லிச் சொன்னான். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்று நழுவவில்லை. "நானும் கோபத்தில் இருந்தேன்" என்று சாக்குச் சொல்லவில்லை. பழி பரவிய இடத்திலேயே அதைத் துடைத்தான். பிறகு, இழந்ததில் தன்னால் முடிந்ததைத் திரும்பக் கொடுக்க முயன்றான். இத்தனையும் சேர்ந்ததுதான் மன்னிப்பு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கண்ணகியின் முன் அவையறியத் தன் பிழையை ஒப்புக்கொண்டான்; அதனால் அவன் பெயர் நிலைத்தது. ஆனால் தீர விசாரிக்காமல் பறித்த கோவலன் உயிர் திரும்பவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஓர் இளைஞனுக்கு உள்ள இந்தச் சோதனை, உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களுக்கும் வருவதுண்டு. நம் ஊருக்குத் தெற்கே ராவாங்கில் பெரோடுவா கார்கள் உருவாகின்றன. 1993இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் தந்து உதவுவது ஜப்பானின் டைஹாட்சு. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் டைஹாட்சு ஓர் உண்மையை வெளியிட்டது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கு வைத்த வண்டிகளில், கதவின் உட்புறப் பலகையை விற்பனை வண்டியில் இல்லாதபடி மாற்றி வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இதில் சம்பந்தப்பட்டவை 88,123 வண்டிகள். நம் நாட்டின் ஆக்ஸியாவும் அவற்றுள் ஒன்று. உள்ளேயிருந்த ஒருவர் துணிந்து தகவல் கொடுத்ததால்தான் இது வெளியே வந்தது.

வெளியார் குழு ஒன்று மேலும் ஆராய்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் வெளிவந்த அறிக்கையில், 64 வகை வண்டிகளில் 174 புதிய முறைகேடுகள் பட்டியலிடப்பட்டிருந்தன. மிகப் பழையது 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிறுவனத் தலைவர் சோய்ச்சிரோ ஒகுதைரா செய்தியாளர் முன் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். அனுப்பீடு நிறுத்தப்பட்டது, ஜப்பானில் இருந்த தொழிற்சாலைகள் ஓய்ந்தன. 2024 மார்ச்சில் அவர் பதவியிலிருந்து விலகினார். மலேசியாவில் ஓடும் வண்டிகளைத் தொடர்ந்து ஓட்டலாம் என்று இங்கே அறிவிக்கப்பட்டது.

இது ஏன் நடந்தது? கெட்ட எண்ணம் கொண்ட ஒரு மேலதிகாரியின் கட்டளையால் அன்று. புது வண்டியை மிகக் குறுகிய காலத்தில் முடித்தாக வேண்டும். சோதனையில் தோல்வி என்ற பேச்சே கூடாது. மேலே சொன்னாலும் கேட்க ஆளில்லை என்ற நிலைமை. "முடியவில்லை" என்று சொல்லப் பயந்த ஊழியர், முடிந்ததாகக் காட்டினார். மண் பூசிய காயம் முப்பது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தது.

இன்னொரு வழக்கு உயிர்களையே குடித்தது. விபத்தின்போது விரிந்து நம்மைக் காக்கும் காற்றுப்பைகளை டக்காட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்துவந்தது. அவற்றை ஊதச் செய்யும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நாளடைவில் கெட்டு, அளவுக்கு மீறி வெடித்தது. உலோகத் துண்டுகள் பாய்ந்தன. 2014ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கின் சிபுவில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இதனால் இறந்தார். சோதனை விவரங்களை மாற்றிக் காட்டிய குற்றத்தை அந்த நிறுவனம் 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி காற்றுப்பைக் கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் பழைய வண்டிகளையே வாங்குகின்றன. திரும்ப அழைக்கும் கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. ஆகவே பழைய கார் வைத்திருப்போர் அதன் சேஸி எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த வகைக் காரின் அதிகாரப்பூர்வ சேவை நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவர் வாசல்வரை வந்து சேராத மன்னிப்பு பாதி மன்னிப்பே.

இனி, நம் வீட்டைப் பார்ப்போம். ஒரு பிள்ளை கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு, "அம்மா, நான்தான் உடைச்சேன்" என்கிறது. அதற்கு அடி விழுகிறது. மறுமுறை அது துண்டுகளைப் பின்வாசலில் புதைத்துவிடும். உண்மை சொன்னவனுக்கும் பொய் சொன்னவனுக்கும் ஒரே பிரம்படி என்றால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இதை நானும் தாமதமாகத்தான் கற்றேன். ஒருமுறை கரும்பலகையில் நான் போட்ட கணக்கு தவறு என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து சொன்னாள். "உட்கார்" என்று அதட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவள் சொன்னதே சரி. மறுநாள் வகுப்பின் முன் அந்தக் கணக்கை மீண்டும் எழுதி, "நேற்று நான் போட்டது தவறு, இவள் சொன்னதே சரி, இவளை அதட்டியதும் தவறு" என்றேன். என் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சியிருந்தேன். அன்று முதல், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் வகுப்பில் அதிகமானார்கள்.

பெற்றோரே, இன்று இரவு ஒன்றைச் செய்து பாருங்கள். பிள்ளையிடம் நீங்கள் செய்த தவறு ஏதும் இருந்தால், அதைப் பெயர் சொல்லி, பிள்ளையிடமே ஒப்புக்கொள்ளுங்கள். மற்றவர் முன் திட்டியிருந்தால், அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். நாளை அந்தப் பிள்ளை பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலைக்கு நிற்கும்போது, "இது சரியாக இல்லை" என்று சொல்லும் துணிவு அதற்கு அங்கிருந்துதான் வரவேண்டும். அந்த ஒரு சொல்லில் பிறர் உயிரும் அடங்கியிருக்கலாம்.