காதுக்குள் இருக்கும் சுண்ணாம்பு

மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சுனாபட்டி. நம் ஊர்ப் பட்டி போலத்தான் கேட்கிறது. ஆனால் மராட்டியில் ‘சுனா’ சுண்ணாம்பு, ‘பட்டி’ காளவாய்.

அங்கிருந்து வண்டி கிளம்பும்போது, கண்ணை மூடி நின்றாலும் நகர்வது தெரிகிறதல்லவா? அதற்குக் காரணமும் சுண்ணாம்புச் சத்துதான். உள்காதில் கூழ் போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் படிந்திருக்கின்றன. காளவாயில் போடும் கிளிஞ்சலும் அதே பொருள்தான். தலை முன்னே போக, கனமான துகள்கள் கண நேரம் பின்தங்க, அடியிலுள்ள மயிரிழைகள் வளைந்து மூளைக்குச் சேதி சொல்லிவிடும். பக்கத்திலேயே தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்கள். கேட்பதற்கு இரண்டரைச் சுற்று நத்தைச் சுருள். எல்லாம் பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும். சுற்றிலும் உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்பு.

அதற்கு உட்புறம், மூளைப் பக்கமாக, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எலும்புச் சுரங்கம். கேட்கும் நரம்பு, சமநிலை நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு எல்லாம் அதில் நெருக்கியடித்துப் போகின்றன. சமநிலை நரம்பின் உறையில் சிலருக்குக் கட்டி வரும். புற்றுநோய் அல்ல, ஆனால் பெரிதானால் மூளைத்தண்டை அழுத்தும். ஒரு காதில் மட்டும் போன் பேச்சு புரியாமல் போவதை அலட்சியம் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தக் கட்டியை எடுக்கப் பின்மண்டையைத் திறந்து போனால் சிறுமூளையை ஒதுக்க வேண்டியிருக்கும். 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் வேறு வழி பிடித்தார். பல் மருத்துவம் படித்துவிட்டுக் காது மருத்துவத்துக்கு வந்தவர். காதுக்குப் பின்னால் ட்ரில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி குடைந்து, அரைவட்டக் குழாய்களையே எடுத்துவிட்டு நேரே சுரங்கத்தில் இறங்கினார். நரம்பியல் அறுவை நிபுணர் வில்லியம் ஹிட்செல்பெர்கர் உடன் நின்றார்.

ட்ரில் சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள்; எலும்புத் தூள் கலந்து பால் போல ஓடும். சுரங்கத்தின் மேற்கோடியில் ஒரு சின்ன எலும்புத் தடுப்பு உண்டு. ஹவுஸின் செல்லப்பெயரால் அதற்கு ‘பில்ஸ் பார்’ என்றே பெயர். தடுப்புக்கு முன்னால் இருப்பது முக நரம்பு, பின்னால் இருப்பது சமநிலை நரம்பு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்தத் துளி எலும்பு சொல்லிவிடுகிறது.

விலை பெரிது: அந்தக் காது இனிக் கேட்காது. கேட்கும் திறன் ஏற்கெனவே போனவர்களுக்கும், கட்டி பெரிதாகி அதைக் காப்பாற்ற வழியில்லாதவர்களுக்கும்தான் பெரும்பாலும் இந்த வழி. சில நாள் தலை சுற்றும். பிறகு மறுகாதும் கண்ணும் சேர்ந்து பாரத்தை ஏற்றுக்கொள்ளும். குடைந்த பள்ளத்தில் மூளைநீர் கசியாமலிருக்க நோயாளியின் வயிற்றுக் கொழுப்பையே வைத்து அடைப்பார்கள்.

மயக்கம் தெளிந்ததும் கட்டிலருகே குனிந்து டாக்டர் சொல்வது: “கண்ணை இறுக்கி மூடுங்க. இப்ப பல்லைக் காட்டிச் சிரிங்க.”